போக்கோவை விட்டுப் போனவர்களும் போகாத ஒருவரும்

1978 நவம்பரில் போக்கோ என்ற அமெரிக்கக் கன்ட்ரி ராக் (அமெரிக்கக் கிராமிய இசையும் ராக்கும் கலந்தது) குழு 'லெஜண்ட்' என்ற ஆல்பத்தை வெளியிட்டது. குழு தொடங்கிப் பத்து வருடம் ஆகியிருந்தது. ஆரம்பித்த ஐந்து பேரில் மிச்சமிருந்தவர் ஒரே ஒருவர்: பெடல் ஸ்டீல் கிடார் வாசித்த ரஸ்டி யங். முதல் பாடகர் போய்விட்டார். முதல் பேஸ் கிடார்காரர் போய், அவர் இடத்துக்கு வந்தவரும் போய்விட்டார். பத்து வருடம் டிரம்ஸ் வாசித்தவர் அந்த வருடம்தான் விலகியிருந்தார். இவ்வளவு பேர் போன பிறகு வந்த அந்த ஆல்பம், அதுவரை போக்கோ போட்ட எல்லா ஆல்பத்தையும்விட அதிகமாக விற்றது. அமெரிக்க விற்பனைப் பட்டியலான பில்போர்டில் 14ஆம் இடம், விற்பனைக்கான கோல்டு சான்றிதழ், முதல் இருபதுக்குள் இரண்டு பாட்டு.

போக்கோ ரசிகர்கள் இன்னும் அதைப் பற்றிச் சண்டை போடுகிறார்கள். ஒரு சாரார், போக்கோ 1973இல் முதல் பாடகர் ரிச்சி ஃபியூரே போன அன்றே முடிந்தது, 'லெஜண்ட்' வேறு யாரோ போட்ட மென்மையான வானொலிப் பாட்டுத் தொகுப்பு என்பார்கள். இன்னொரு சாரார், போக்கோ என்றாலே எங்களுக்கு 'லெஜண்ட்'டில் வந்த 'கிரேஸி லவ்' பாட்டுதான், முந்தையதெல்லாம் அதற்கான முன்னோட்டம் என்பார்கள். நடுவில் சிலர், இரண்டாவது பேஸ் கிடார்காரர் டிமோத்தி ஷ்மிட் இருந்த காலம்தான் உச்சம் என்று தனியாக ஒரு கணக்கு வைத்திருப்பார்கள். இந்தக் குழுவை எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனால் இந்தச் சண்டையில் எல்லாரும் யார் போனார் என்றே பேசுகிறார்கள் என்பது எனக்குப் பெரிய குறையாகவே படுகிறது. யார் இருந்தார், இருந்தவர் என்ன செய்தார் என்று யாரும் கேட்பதில்லை.

முதலில் கதையைச் சொல்லிவிடுகிறேன். தமிழில் இந்தக் குழுவைப் பற்றி எழுதியவர்கள் குறைவு.

1968இல் பஃபலோ ஸ்பிரிங்ஃபீல்டு என்ற ராக் குழு உடைந்துகொண்டிருந்தது. ஸ்டீபன் ஸ்டில்ஸ் ஒரு பக்கம், நீல் யங் ஒரு பக்கம் என்று ஆளுக்கொரு திசையில் இழுத்துக்கொண்டிருக்க, கடைசி ஆல்பத்தை ஒப்பேற்றும் வேலை ரிச்சி ஃபியூரேவின் தலையிலும் ஜிம் மெசினாவின் தலையிலும் விழுந்தது. அதில் ஃபியூரே எழுதிய 'கைண்ட் வுமன்' என்ற பாட்டுக்குப் பெடல் ஸ்டீல் வேண்டியிருந்தது. கொலராடோவில் வளர்ந்து, சின்னப் பிள்ளையிலிருந்தே ஸ்டீல் கிடார் வாசித்துவந்த ரஸ்டி யங் அதற்காக லாஸ் ஏஞ்சலஸ் வந்தார். அந்த ஒரு பாட்டிலிருந்துதான் ஃபியூரே, மெசினா, ரஸ்டி மூவரும் சேர்ந்த அடுத்த குழு முளைத்தது. கொலராடோவில் ரஸ்டியோடு வாசித்த ஜார்ஜ் கிரந்தாம் டிரம்ஸுக்கு வந்தார், நெப்ராஸ்காக்காரர் ராண்டி மைஸ்னர் பேஸுக்கு. அந்த பேஸ் இடத்துக்கு ஷ்மிட்டும் வாசித்துக் காட்டினார், ஆனால் கிடைக்கவில்லை. இந்த ஷ்மிட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

குழுவுக்கு முதலில் வைத்த பெயர் போகோ. அதே பெயரில் கார்ட்டூன் வரைந்துகொண்டிருந்த வால்ட் கெல்லி ஆட்சேபித்ததால் போக்கோ ஆனது. 1969இல் முதல் ஆல்பம் வந்தது. ஆல்பம் வெளிவருவதற்கு முன்பே முதல் ஆள் விலகிவிட்டார். பாட்டுகளைக் கடைசியாகக் கலந்து முடிக்கும் அமர்வுகளுக்கு ஃபியூரேவும் மெசினாவும் மற்றவர்களை உள்ளே விடவில்லை. மைஸ்னர் கோபித்துக்கொண்டு போனார். அவர் பாடிய பகுதிகள் பெரும்பாலும் நீக்கப்பட்டன. அட்டைப்படத்தில் அவர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு நாயை வரைந்துவிட்டார்கள். அவருக்குப் பதில் ஷ்மிட் வந்தார்.

போக்கோவின் வரலாற்றில் ஆள் மாற்றம் என்பது நடுவில் வந்த விபத்து இல்லை என்பதற்காகத்தான் இதைச் சொன்னேன். முதல் இசைத்தட்டு கடைக்குப் போகும்போதே அட்டையில் ஒருவர் குறைவு. "அசல் போக்கோ" என்று பேசுபவர்கள் எந்த அசலைச் சொல்கிறார்கள்? அந்த ஐந்து பேரும் சேர்ந்து நின்ற போக்கோவை மேடையில் பார்த்தவர்கள் உண்டு. இசைத்தட்டில் முழுதாகக் கேட்டவர்கள் அப்போது யாரும் இல்லை.

சரி, அந்தக் குழுவின் ஒலி எங்கிருந்து வந்தது? இரண்டு இடத்திலிருந்து வந்தது என்பேன். ஒன்று, மேலே மேலே அடுக்கிய உச்சக் குரல்கள். ஃபியூரே, ஷ்மிட், கிரந்தாம் மூவரும் மேல் ஸ்தாயியில் சிரமமில்லாமல் நிற்கக்கூடியவர்கள். டிரம்ஸ் அடித்துக்கொண்டே கிரந்தாம் பாடும் அந்தக் குரல் இல்லாவிட்டால் பழைய போக்கோவின் கோரஸ் பாதியாகிவிடும். இன்னொன்று, ரஸ்டியின் பெடல் ஸ்டீல்.

பெடல் ஸ்டீல் பற்றிக் கொஞ்சம் நிறுத்திப் பேசவேண்டும், இல்லையென்றால் நான் சொல்லப்போவது விளங்காது. நம் பக்கம் ஹவாயன் கிடாரைப் பழைய சினிமாப் பாட்டுகளிலும் வானொலியிலும் கேட்டிருப்போம். மடியில் படுக்க வைத்து, தந்தியின் மேல் இரும்பை வழுக்கவிட்டு வாசிப்பார்கள். பெடல் ஸ்டீல் அதன் வாரிசு. நான்கு கால் வைத்த பலகை போல நிற்கும், பின்னால் உட்கார்ந்து வாசிக்க வேண்டும். இடது கையில் உருண்டையான இரும்புத் துண்டு, வலது கை விரல்களில் பிக். பாதத்துக்குக் கீழே மிதிகள், முழங்காலுக்குப் பக்கத்தில் நெம்புகோல்கள். ஒரு மிதியை அழுத்தினால் பத்துத் தந்தியில் குறிப்பிட்ட ஒன்றிரண்டு மட்டும் இறுகிச் சுருதி ஏறும். மற்றவை அப்படியே நிற்கும். நம் காதுக்கு ஜாரு பழக்கம், ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போவது புதிதில்லை. ஆனால் மூன்று சுரம் ஒன்றாக ஒலிக்கும்போது நடுவில் இருப்பது மட்டும் மெல்ல ஏறி, முழு சுரக்கூட்டின் நிறமே மாறுவது இந்த வாத்தியத்துக்கே உரியது. கன்ட்ரி பாட்டின் அழுகை என்று சொல்வது பெரும்பாலும் இந்த ஒரு அசைவைத்தான்.

ரஸ்டி இந்த அழுகை வாத்தியத்தை எடுத்து ராக் மேடைக்குக் கொண்டுபோனார். ஹேமண்ட் ஆர்கனோடு பூட்டும் லெஸ்லி ஒலிபெருக்கி ஒன்று உண்டு. உள்ளே கொம்பு சுழன்றுகொண்டே இருக்கும், அதனால் ஒலி அலைஅலையாக வரும். அதற்குள் பெடல் ஸ்டீலைச் செருகினார். 1970இல் வந்த இரண்டாவது ஆல்பத்தின் முடிவில் பதினெட்டு நிமிடத்துக்கு மேல் ஓடும் ஒரு நீண்ட வாசிப்பு இருக்கிறது. அதைக் கேட்கும் யாரும் யாரோ ஆர்கனைப் போட்டு வெளுத்து வாங்குகிறார்கள் என்றுதான் நினைப்பார்கள். ஆர்கன் இல்லை, ஸ்டீல். கையும் காலும் முழங்காலும் சேர்ந்து வேலை செய்தபடி ஒரு மனிதன் உட்கார்ந்த இடத்திலிருந்தே மொத்தக் குழுவையும் தள்ளிக்கொண்டு போகிறான். கன்ட்ரி ராக் என்றதும் எல்லாரும் பாடகர் கிராம் பார்சன்ஸையும் ஈகிள்ஸ் குழுவையும் சொல்கிறார்கள். பெடல் ஸ்டீலை ராக் குழுவின் நடுவில், பாடகருக்குச் சமமாக உட்காரவைத்ததில் ரஸ்டிக்கு இருக்கும் பங்கைச் சொல்பவர்கள் குறைவு. எனக்கு அதில் வருத்தம் உண்டு.

1971 தொடக்கத்தில் வந்த 'டெலிவரின்' நேரடி நிகழ்ச்சியில் பதிவு செய்த ஆல்பம். பட்டியலில் 26ஆம் இடம் வரை போனது. இந்த ஆல்பத்தைக் கேட்டால் பழைய ரசிகர்களின் பிடிவாதம் உடனே புரிந்துவிடும். பாட்டுகள் ஒன்றோடொன்று நிற்காமல் ஓடுகின்றன, மேடையில் இருக்கும் ஐந்து பேருமே சிரித்துக்கொண்டு வாசிப்பது காதிலேயே தெரிகிறது. ஆனால் அது வெளிவந்த நேரத்துக்கு மெசினா விலகியாகிவிட்டது. அவருக்குப் பதில் பால் காட்டன் வந்தார். கொஞ்சம் கரகரத்த, கீழ்க்குரல்காரர். கிடாரிலும் ராக் வாடை அதிகம். குழுவின் ஒலி முதன்முதலாக உண்மையில் மாறியது அப்போதுதான். ஆனால் ஃபியூரே இருந்ததால் யாரும் அதைப் பெரிதுபடுத்தவில்லை.

ஃபியூரேவின் ஏமாற்றத்தைப் புரிந்துகொள்ளாமல் அடுத்த கட்டத்தைப் புரிந்துகொள்ள முடியாது. 1972இல் 'எ குட் ஃபீலின் டு நோ' என்ற பாட்டின் மேல் அவர் பெரிய நம்பிக்கை வைத்திருந்தார். வானொலி அதைத் தொடவில்லை. ஆல்பம் 69ஆம் இடத்தோடு நின்றது. அதே வருடம் ஈகிள்ஸின் முதல் பாட்டு 12ஆம் இடத்துக்கு ஏறியது. அதில் பேஸ் வாசித்தவர், போக்கோவிலிருந்து கோபித்துப் போன மைஸ்னர். ஈகிள்ஸைத் தொடங்கிய கிளென் ஃப்ரே, ஃபியூரேவின் வீட்டில் போக்கோ ஒத்திகை பார்க்கும்போது வந்து உட்கார்ந்து கேட்டவர். தான் போட்ட பாதையில் மற்றவர்கள் வேகமாகப் போவதைப் பார்த்துக்கொண்டு நிற்பது எவ்வளவு வேதனை! 1973 செப்டம்பரில் 'கிரேஸி ஐஸ்' ஆல்பம் வந்தபோது ஃபியூரேவும் விலகியாகிவிட்டது. அந்த ஆல்பத்தின் தலைப்புப் பாட்டு கிராம் பார்சன்ஸைப் பற்றியது. ஆல்பம் வந்த சில நாளில் பார்சன்ஸ் இறந்துபோனார். பழைய ரசிகர்கள் போக்கோவின் கதையை இந்த இடத்தில் மூடிவைப்பதற்கு அந்தச் சோகமும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். முடிவு மாதிரியே இருக்கிறது.

முடிவு இல்லை. ஷ்மிட், காட்டன், ரஸ்டி, கிரந்தாம் நான்கு பேரும் இன்னும் சில வருடம் ஓட்டினார்கள். நல்ல ஆல்பங்கள் போட்டார்கள், விற்பனை சுமார். 1976இல் வந்த 'ரோஸ் ஆஃப் சிமரான்' ஆல்பத்தின் தலைப்புப் பாட்டை எழுதியவர் ரஸ்டி. பின்னால் கன்ட்ரி பாடகி எம்மிலூ ஹாரிஸும் அதைப் பாடினார். ஸ்டீல்காரர் என்று மட்டும் நினைத்திருந்தவருக்குள் ஒரு பாட்டாசிரியர் இருக்கிறார் என்று அப்போதே தெரிந்திருக்க வேண்டும்.

1977இல் ஈகிள்ஸிலிருந்து மைஸ்னர் விலகினார். அவர் இடத்துக்கு யாரைக் கூப்பிட்டார்கள்? ஷ்மிட்டைத்தான். மைஸ்னர் எழுந்த நாற்காலியில் இரண்டாவது முறையாக ஷ்மிட். ஈகிள்ஸ் அப்போது உலகத்தின் மிகப் பெரிய குழுக்களில் ஒன்று. போகாமல் எப்படி இருப்பார்? அவரைக் குறை சொல்லும் போக்கோ ரசிகரை நான் இதுவரை பார்த்ததில்லை. 1978 தொடக்கத்தில் கிரந்தாமும் கிளம்பினார்.

இங்கேதான் நான் முக்கியமாக நினைக்கும் விஷயம் வருகிறது. மிஞ்சிய ரஸ்டியும் காட்டனும் போக்கோ என்ற பெயரை விட்டுவிட்டுத் தங்கள் இருவர் பெயரில் புதுக் குழு தொடங்கினார்கள். டிரம்ஸுக்கு ஸ்டீவ் சாப்மன், பேஸுக்கு சார்லி ஹாரிசன், இருவரும் ஆங்கிலேயர்கள். அந்த நான்கு பேரின் ஆல்பத்தை எடுத்துக்கொள்ள ஏபிசி இசைத்தட்டு நிறுவனம் சம்மதித்தது, ஆனால் போக்கோ பெயரிலேயே தொடர வேண்டும் என்றது. ஆக, "இதைப் போய் போக்கோ என்று எப்படிச் சொல்லலாம்" என்று ரசிகர்கள் கேட்ட கேள்வியை, அந்த இரண்டு பேரும் ரசிகர்களுக்கு முன்பே தங்களுக்குள் கேட்டு, வேண்டாம் என்று பதிலும் சொல்லியிருந்தார்கள். பெயரைப் பிடித்துத் தொங்கியவர்கள் என்று அவர்களைத் திட்டுவது நியாயமே இல்லை.

இனி ஆல்பம். ஒன்பது பாட்டு. எல்லாமே ரஸ்டியும் காட்டனும் தனித்தனியாக எழுதியவை. அட்டையில் சில கோடுகளால் வரைந்த ஒரு குதிரை. வரைந்தவர் பிறகு தொலைக்காட்சியில் பெரிய நகைச்சுவை நடிகரான ஃபில் ஹார்ட்மன். அப்போது அவர் இசைத்தட்டு அட்டைகள் வடிவமைத்துக்கொண்டிருந்தார். அந்தக் குதிரை பின்னால் குழுவின் சின்னமாகவே ஆகிவிட்டது.

முதல் பாட்டு 'பூமராங்' காட்டனுடையது. கிடார் உறுமுகிறது, கன்ட்ரி வாசனையே இல்லை. பழைய ரசிகர் முகம் சுளிக்கும் முதல் இடம். அடுத்த 'ஸ்பெல்பவுண்ட்' ரஸ்டியுடையது, மெதுவானது, கனவு மாதிரி மிதப்பது. இந்த ஆல்பம் எந்த நிறத்தில் இருக்கப்போகிறது என்பதை அதுதான் சொல்கிறது. 'பார்படாஸ்' கேட்க இனிமை, அவ்வளவுதான். இரண்டாவது பக்கத்தில்தான் உயிர் இருக்கிறது.

'ஹார்ட் ஆஃப் த நைட்' காட்டன் தன் வாழ்நாளில் எழுதிய சிறந்த பாட்டு என்பது என் எண்ணம். நியூ ஆர்லியன்ஸ் நகரத்து இரவைப் பற்றியது. அவருடைய கரகரத்த குரலுக்கு அந்த ஊரும் அந்த நேரமும் அப்படியே பொருந்துகிறது. இந்தப் பாட்டை ஃபியூரே பாடியிருந்தால் நன்றாகவே இருந்திருக்காது. அவ்வளவு வெளிச்சமான குரலுக்கு இந்த இருட்டு சரிவராது. நடுவில் ஃபில் கென்ஸியின் சாக்ஸஃபோன் வருகிறது. பத்து வருடமாகப் போக்கோ பாட்டில் யாராவது வாத்தியத்தில் நெஞ்சைப் பிழியவேண்டும் என்றால் அது ரஸ்டியின் வேலை. இங்கே அந்த வேலையைச் செய்வது வெளியிலிருந்து வந்த ஒரு சாக்ஸஃபோன்.

அதற்கு அடுத்தது 'கிரேஸி லவ்'. லாஸ் ஏஞ்சலஸில் தன் வீட்டுச் சுவருக்குப் பலகை அடித்துக்கொண்டிருந்தபோது இந்தப் பாட்டு வந்தது என்று ரஸ்டி சொல்லியிருக்கிறார். கோரஸில் வார்த்தை இல்லாமல் ஊ, ஆ என்று வரும் இடத்துக்குப் பிறகு வார்த்தை எழுதிக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தாராம். மற்றவர்கள்தான் இப்படியே இருக்கட்டும், தொடாதே என்றார்கள். அவர்கள் சொன்னது எவ்வளவு சரி! அந்தப் பாட்டின் வலியெல்லாம் அந்த வார்த்தையில்லாத இடத்தில்தான் இருக்கிறது. விட்டுவிட வேண்டும் என்று தெரிந்தும் விட முடியாத ஒருவன் பேசிப் பேசிக் களைத்து, சொல்ல ஒன்றும் இல்லாமல் வெறும் குரலாக நிற்கிறான். அகூஸ்டிக் கிடார், மென்மையாகச் சேரும் குரல்கள், கிட்டத்தட்ட வேறொன்றும் இல்லை. பாட்டு 17ஆம் இடம் போனது. பெரியவர்கள் கேட்கும் மெல்லிசைப் பட்டியலில் ஏழு வாரம் முதலிடம். குழு தொடங்கியதிலிருந்து மற்றவர்கள் பாட்டுக்கு வாசித்துவந்த மனிதருக்கு, தானே எழுதித் தானே பாடிய பாட்டால் அந்த முதலிடம் கிடைத்தது.

என் நண்பர் ஒருவர் இருக்கிறார், என்னைவிட மூத்தவர், அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். அவருடைய மாமா எப்போதோ அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த 'டெலிவரின்' இசைத்தட்டு வழியாகப் போக்கோவுக்குள் போனவர். நான் நேர் எதிர். 'கிரேஸி லவ்' பாட்டைக் கேட்டு மயங்கி, அங்கிருந்து பின்னோக்கி நடந்து முதல் ஆல்பம் வரை போனவன். இருவரும் சந்தித்தால் இந்தப் பேச்சு வராமல் இருக்காது.

"ஃபியூரே இல்லாத போக்கோவை நான் போக்கோன்னே ஒத்துக்க மாட்டேன் தம்பி. அது வேற கடை, பழைய போர்டு."

"போர்டை மாட்டினது கம்பெனிண்ணே, அவங்க இல்ல. அப்புறம், நீங்க 'டெலிவரின்'ல எதைக் கேட்டு முதல்ல சொக்கிப்போனீங்க?"

கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "ஸ்டீல்."

"ஸ்டீல் வாசிச்சவரு 'லெஜண்ட்'லயும் இருக்காரே?"

"இருக்காரு. ஆனா எங்க வாசிக்கிறாரு?"

அந்தக் கேள்விக்கு என்னிடம் மறுப்பு இல்லை. பழைய ரசிகர்களின் மனக்குறையில் உண்மையான பகுதி அதுதான். 'லெஜண்ட்' ஆல்பத்தில் பெடல் ஸ்டீல் அறவே இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் அது நடுவிலிருந்து ஓரத்துக்குப் போய்விட்டது. பாட்டுக்கு நிறம் சேர்க்கிறது, பாட்டை நடத்துவதில்லை. லெஸ்லி ஒலிபெருக்கிக்குள் அதைச் செருகி, பதினெட்டு நிமிடம் மேடையை அதிரவைத்த அந்தத் துணிச்சல் இங்கே இல்லை. ஃபியூரே போனதால் அது போகவில்லை. ஷ்மிட் போனதாலும் இல்லை. அதை நகர்த்தியது ரஸ்டி. பாட ஆள் இருந்தவரை அவர் வாசித்தார். பாட ஆள் இல்லாமல் போனபோது எழுந்து மைக்குக்கு முன்னால் வந்தார். பெடல் ஸ்டீல் இரண்டு கையும் இரண்டு காலும் கேட்கும் வாத்தியம், உட்கார்ந்தே ஆகவேண்டும். குழுவின் முகமாக நின்று பாட வேண்டியவர் கிடாரைத் தோளில் மாட்டத்தான் செய்வார்.

ரசிகர்கள் ஆள் கணக்கு எடுக்கும்போது இந்த மாற்றம் கணக்கிலேயே வருவதில்லை, ஏனென்றால் பெயர்ப் பட்டியலில் ரஸ்டி யங் என்று அப்படியே இருக்கிறது. யார் யார் போனார் என்று விரல்விட்டு எண்ணுகிறவர்களுக்கு, இருந்தவர் வேறு வேலைக்கு மாறியது தெரியவில்லை. என்னைக் கேட்டால் 1978இல் போக்கோவை விட்டுப்போன முக்கியமான ஆள் ஸ்டீல்காரர் ரஸ்டி. வந்து சேர்ந்த முக்கியமான ஆள் பாடகர் ரஸ்டி.

வந்தவர் எப்படி என்றால், எனக்கு அவரை மனதாரப் பிடிக்கும். ஃபியூரே பாடும்போது உலகம் நன்றாக இருக்கிறது என்று நம்பவைப்பார். ரஸ்டியின் குரலில் அந்த நம்பிக்கை இல்லை. மென்மையான, கொஞ்சம் தயங்கும் குரல். பலர் போவதைப் பார்த்துவிட்ட ஒருவர் பாடினால் அந்தத் தயக்கம்தான் பொருத்தம். 'த லாஸ்ட் குட்பை' பாட்டை அவர் பாடும்போது காதலியிடம் விடைபெறுவது மட்டும் என் காதில் விழுவதில்லை. அவர் எதை நினைத்து எழுதினாரோ, எனக்குக் குழுவை விட்டுப் போனவர்கள் எல்லாரின் முகமும் தெரிகிறது.

இது வானொலிக்காகச் செய்த சமரசம் என்ற குற்றச்சாட்டை மட்டும் நான் ஏற்கமாட்டேன். வானொலிக்குப் பாட்டு வேண்டும் என்று ஏங்கியவர் ஃபியூரே. அதை மறைக்காமல் சொன்னவரும் அவர்தான். அதில் தவறும் இல்லை. கிடைக்காததால் அந்தக் காலம் தூய்மையானது, கிடைத்ததால் இந்தக் காலம் களங்கம் என்பது என்ன நியாயம்? அந்த உயரத்தை அடுத்து வந்த ஆல்பங்கள் எட்டவில்லை. கணக்குப் போட்டு வானொலிக்குப் பாட்டுச் செய்யத் தெரிந்தவர்களாக இருந்தால் அடுத்த வருடமும் செய்திருப்பார்களே.

1989இல் ரசிகர்கள் கனவு கண்டது நடந்தது. ஃபியூரே, மெசினா, ரஸ்டி, கிரந்தாம், மைஸ்னர் ஐந்து பேரும் சேர்ந்து 'லெகசி' என்ற ஆல்பத்தைப் போட்டார்கள். இருபது வருடத்துக்கு முன் நாயை வரைந்து மறைத்த மைஸ்னர் உட்பட, அசலான ஐவர். ஃபியூரே அதற்குள் கொலராடோவில் கிறிஸ்தவப் போதகராக ஆகியிருந்தார். அந்த ஆல்பமும் நன்றாக விற்றது, 'கால் இட் லவ்' என்ற பாட்டு முதல் இருபதுக்குள் வந்தது. அந்தப் பாட்டைப் பாடியவர் யார்? ரஸ்டி. எழுதியவர்களோ குழுவுக்கு வெளியே இருந்தவர்கள். ஒலி எண்பதுகளின் ஒலி; 1969 எங்கேயும் இல்லை. ஆட்களைத் திரும்பக் கூட்டிவந்தால் பழைய ஒலியும் கூடவே வந்துவிடும் என்று நம்பியவர்களுக்கு அந்த ஆல்பம் பதில் சொல்லிவிட்டது. எனக்கு 'லெகசி'யைவிட 'லெஜண்ட்' பல மடங்கு உசத்தி. இரண்டே பழைய ஆட்கள் இருந்தும் 'லெஜண்ட்' தன் மனதில் இருந்ததைப் பாடியது. ஐந்து பேர் இருந்தும் மற்றது மறுகூடலைக் கொண்டாடியதோடு நின்றது.

2021 ஏப்ரலில் ரஸ்டி யங் இறந்தார். அதே வருடம் கோடையில் பால் காட்டனும் போனார். 2023இல் மைஸ்னர். போக்கோவின் எல்லா அணியிலும் இருந்த ஒரே மனிதர் என்ற பெயர் ரஸ்டிக்கு மட்டுமே உண்டு.

போக்கோவைப் புதிதாகக் கேட்கப்போகிறவர்களிடம் நான் சொல்வது இதுதான். 'டெலிவரின்' முழுதாக ஒருமுறை, நிறுத்தாமல். அப்புறம் இரண்டாவது ஆல்பத்தின் அந்தப் பதினெட்டு நிமிடம், நல்ல ஹெட்ஃபோனில், ஸ்டீலை மட்டும் பின்தொடர்ந்து. பிறகு 'லெஜண்ட்' இரண்டாவது பக்கத்தைப் போடுங்கள். ஸ்டீல் எங்கே என்று தேடத்தான் தோன்றும், தேடுங்கள், தப்பில்லை. ஆனால் 'கிரேஸி லவ்' வரும்போது தேடுவதை விட்டுவிட்டுப் பாடுகிறவரைக் கேளுங்கள். அண்ணன் இன்னும் அதைப் போக்கோ என்று ஒத்துக்கொள்ளவில்லை. நல்ல பாட்டு என்று ஒத்துக்கொள்கிறார்.